நாக்கால் எடுத்த உமி

என் மாமனார் இருசப்பனுக்கு, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் ஒரு பெயர் உண்டு. கண்ணில் தூசியோ உமியோ விழுந்துவிட்டால் ஊரே அவரிடம்தான் ஓடிவரும். அவர் அதை நாக்கால் எடுத்துவிடுவார்.

ஆமாம், நாக்கால்தான். எப்படி என்று சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். வந்தவரை, வீட்டோடு சேர்ந்த எங்கள் இளநீர்க் கடைக்கு முன்னால் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார். வாயில் அடக்கியிருக்கும் வெற்றிலை புகையிலையை முருங்கை மரத்தடியில் துப்புவார். சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார், அதுவும் பேருக்கு ஒரு தடவை. பிறகு கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இமையை விரித்துப் பிடித்து, காவியேறிய நாக்கின் நுனியைக் கண்ணுக்குள் விட்டு ஒரு துழாவு துழாவுவார். எடுத்ததை உள்ளங்கையில் துப்பி, "பாரு, எம்மாம் பெரிய உமி!" என்று நீட்டுவார். சுற்றி நிற்பவர்கள் எட்டிப் பார்த்து "அடேயப்பா" என்பார்கள். எச்சிலில் மிதக்கும் உமிக்கு ஒரு அடேயப்பா! இதற்காக யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்க மாட்டார். அது அவருடைய பெருமை.

கல்யாணமாகி வந்த புதிதில் இதை முதல் முறை பார்த்தபோது கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று நினைத்து, மாமியார் ராஜம்மாள் எதிர்வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தார்.

நான் டவுனில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். ஊர் ஊராக வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் துண்டு, தலையணை உறை, குளியலறை என்று பார்த்துப் பார்த்து, எதைத் தொட்டாலும் கை கழுவுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால் புகுந்த வீட்டில் எனக்குச் சோப்புக்காரி என்று பெயர். "சோப்புக்காரி வர்றா, சொம்பை எடுத்து வைங்க" என்று மாமனாரே சிரிப்பார். சிரிக்கும்போது பல்லிடுக்கில் இருக்கும் புகையிலை தெரியும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

என் கணவர் வல்லரசு அப்போது குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தார். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அறுவடைக் காலத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவார். வண்டி ஓட்டுவதென்றால் அவருக்கு அப்படி ஓர் ஆசை. மூட்டை ஏற்றிய வண்டியைக் குறுகலான சந்துக்குள் ரிவர்ஸில் நுழைக்கச் சொல்லிவிட்டால் போதும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிடும்.

போன தை மாதம் ஒரு நாள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அறுவடை மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறார், காற்று திரும்பி உமி கண்ணில் அடித்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது.

"நல்ல தண்ணியா ஊத்திக் கழுவுங்க, டவுனுக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றேன்.

"உமிக்கு இன்னாத்துக்குமா டாக்டரு? ஊருக்கே எடுக்கறேன், என் பிள்ளைக்கு எடுக்க மாட்டனா?" என்று மாமனார் கொப்பளிக்கப் போய்விட்டார்.

பெற்ற பிள்ளை என்பதால் அன்றைக்கு இரண்டு துழாவு அதிகம். உமி வந்தது. உள்ளங்கை, அடேயப்பா, எல்லாம் வழக்கம்போல நடந்தது. வல்லரசு கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சு. அப்பா கை பட்டாலே தனிதான்" என்றார்.

"கை இல்லைங்க, நாக்கு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் தெருவுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. எங்கள் வீட்டில் முதலில் மாமியாருக்கு. காலையில் பீளை ஒட்டிக்கொண்டு இரண்டு கண்ணும் திறக்கவில்லை. வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்துத் திறந்தார். துடைத்த துண்டை, வீட்டுக்கே பொதுவாகத் தொங்கும் அந்த ஒரே துண்டை, மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார். மாமனார் முகம் கழுவிவிட்டு வந்து அதிலேயே துடைத்துக்கொண்டார். மறுநாள் அவருக்கும் வந்தது.

மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. அதனால் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பேசும்போது வானத்தைப் பார்த்தார்கள். ஆனால் அதே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். கண்ணைக் கசக்கிய கையாலேயே ஒருவருக்கொருவர் டீ கொடுத்து வாங்கினார்கள். பார்க்க மட்டும் மாட்டார்களாம்! நான் என் துண்டையும் தலையணையையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வல்லரசுவின் வலது கண்ணும் சிவந்தது. தெருவே சிவந்திருக்கும்போது இது மட்டும் வேறு என்று யாருக்குத் தோன்றும்? மற்றவர்களுக்கு இரண்டு கண்ணும் அரித்தது, பீளை தள்ளியது. இவருக்கு ஒரே கண்தான். பீளை அவ்வளவாக இல்லை. தண்ணீராக வழிந்துகொண்டே இருந்தது. வலி வேறு.

"உள்ள குத்தற மாதிரி இருக்கு கீதா" என்றார்.

"மெட்ராஸ் ஐன்னா குத்தத்தான் குத்தும்" என்று மாமியார் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே, கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு மருந்து பாட்டில்.

அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது கொடுத்த மருந்து அது, மிச்சம் இருந்தது. தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் அது கைமாறிப் போகும், இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும். ஒவ்வொருவரும் அதன் மூக்கைத் தங்கள் இமையில் இடித்துத்தான் ஊற்றியிருக்கிறார்கள். மூக்கைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. தெருவில் உள்ள அத்தனை பேரின் கண்ணும் அந்தச் சின்ன மூக்கில் இருந்தது.

"அத்தை, அது யார் யாரோ ஊத்தினது. பிரிச்சும் எத்தனையோ மாசம் ஆச்சு."

"ஆபரேஷன் பண்ண கண்ணுக்கே கொடுத்த மருந்துமா. இந்தச் சிவப்புக்குக் கேக்காதா?" என்றார். கேட்க நியாயம் மாதிரியே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தன் கண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான் மாமனார். அங்கே போய் டாக்டரிடம் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. தன் கண்ணுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளையின் கண்ணுக்கு நாக்கும் எச்சில் பாட்டிலும்.

ஊற்றினார்கள். இரண்டு நாளில் சிவப்பு இறங்கியது. மாமியார் என்னைப் பார்த்து, "பாத்தியா சோப்புக்காரி?" என்றார். சிவப்பு இறங்கியது உண்மைதான். மாமனார் அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. கிரிவலம் போகிறவர்களுக்காக எலுமிச்சையும் இளநீரும் வந்து இறங்கின.

ஆனால் வல்லரசு வழக்கம்போல இல்லை. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது, கண்ணை மூடிக்கொண்டே திருப்பக்கூடிய இடத்தில், வேலிக் கல்லில் உரசினார். டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்டதும் "அணைச்சுத் தொலை" என்று கத்தினார். அந்த மனிதர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

பௌர்ணமி அன்று மதியம் அவரை ஜன்னல் பக்கம் இழுத்து உட்கார வைத்து இமையைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் துடித்துப்போனார். வெள்ளை விழியில் சிவப்பு கம்மிதான். ஆனால் கருவிழியின் மேல், நடுவில், அரிசி மாவைத் தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி.

"இந்தக் கண்ணால என்னைப் பாருங்க. தெரியறேனா?"

"புகை மாதிரி இருக்கு. நீ நிக்கறது தெரியுது" என்றார்.

நான் கத்தியதில் மாமனாரும் மாமியாரும் உள்ளே வந்தார்கள். மாமனார் குனிந்து பார்த்தார்.

"பூ விழுந்திருக்கு. உமியில ஒரு துண்டு உள்ளயே நின்னுட்டு இருக்கும் போல. உக்காருடா, இன்னொரு தபா பாத்துடறேன்" என்று விரலை நீட்டினார். வாயில் புகையிலை இருந்தது. கொப்பளிக்கக்கூட இல்லை.

நான் நடுவில் போய் நின்றேன். "தொடாதீங்க மாமா."

"இன்னாமா?"

"உங்க விரலும் வேணாம், உங்க நாக்கும் வேணாம். அந்த வாயை வெச்சுக்கினு இனிமே இவர் கிட்ட வராதீங்க. அது வாய் இல்ல, சாக்கடை."

மாமனாரைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா என்றால், இல்லைதான். ஆனால் மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன், வெளியே வந்தபோது சுகமாக இருந்தது. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். அப்போதும் வல்லரசு என்ன சொன்னார் தெரியுமா?

"கீதா, விடு. அப்பா மனசு நோவும். பௌர்ணமி வியாபாரம் முடியட்டும், நாளைக்குப் போலாம்."

"பௌர்ணமி அடுத்த மாசமும் வரும். கண்ணு வராது. எழுந்திரிங்க" என்றேன். ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் கவரில் பிடித்து எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். சொந்தமாக வண்டி வைத்திருக்கும் மனிதரை டவுன் வரைக்கும் நடத்தியே கூட்டிப்போனேன். கூட்டம் போகும் திசையில்தான் நாங்களும் போகவேண்டியிருந்தது. அவர் கண்ணில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். லிங்கத்துக்கு லிங்கம் கற்பூரப் புகை. அந்தப் புகையில் வருகிறவர் அத்தனை பேருக்கும் கண் சிவந்திருந்தது. தூக்கம் கெட்டுச் சிவந்த கண், புகையில் சிவந்த கண், புழுதியில் சிவந்த கண். வீட்டுக்குப் போய் முகம் கழுவித் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் கண்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நடுவில் ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸ் ஐயா? இதை வெச்சுக்கினு கூட்டத்துல வரலாமா?" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்நோய்க்கு எதற்கு மூக்கைப் பொத்துகிறார் என்று கேட்க எனக்கு நேரமில்லை. இன்னொருவர் பையைத் துழாவி ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். "எனக்குக் கேட்டது, ரெண்டு சொட்டு விடுங்க." அதன் மூக்கிலும் மஞ்சள். நான் பார்த்த பார்வையில் மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கண் ஆஸ்பத்திரியில் பிர்தௌஸ் என்று ஒரு டாக்டரம்மா. கருவியில் தாடையை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார்.

"எதுனால ஆரம்பிச்சுது?"

"தூசி விழுந்துது மேடம்" என்றார் வல்லரசு. அவ்வளவுதான் சொன்னார். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

"நெல் உமிங்க டாக்டர். இவங்க அப்பா நாக்கால எடுத்தாரு. அப்புறம் வீட்ல இருந்த மருந்தை ஊத்தினாங்க" என்று பாட்டிலை மேஜையில் வைத்தேன். டாக்டர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சுளிக்கவில்லை. பாட்டிலில் இருந்த பெயரைப் படித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார்.

"இது ஸ்டீராய்டுமா. ஆபரேஷனுக்கு அப்புறம் நாங்க பாத்துப் பாத்துக் கொடுக்கறது. இவருக்கு உமி கீறின இடத்துல பூஞ்சைக் காளான் பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன், சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியாத் தெரியும். இந்த மருந்து சிவப்பை மட்டும் குறைச்சுடும். உள்ள புண்ணு நல்லா வளரும்."

"மெட்ராஸ் ஐன்னு நினைச்சோம்."

"சிவப்பை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுமா. மெட்ராஸ் ஐ முக்காவாசி பேருக்குத் தானாவே போயிடும். அலர்ஜில சிவக்கும், இருமினாக்கூட ரத்தக்குழாய் வெடிச்சுச் சிவக்கும், அதெல்லாம் பெருசா பயமில்ல. ஆனா வலி ஜாஸ்தியா இருந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணுல ஏதாவது அடிச்சிருந்தாலோ அன்னைக்கே வந்துடணும். கருவிழியில வெள்ளை தெரிஞ்சா ஒரு மணி நேரம்கூட வீட்ல இருக்கக்கூடாது."

வலி, கூச்சம், மங்கல், அடி. எல்லாமே இவருக்கு இருந்தன. அன்று மதியம் வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவரிடம் "கண்ணு தெரியுதா" என்று கேட்கவில்லை. சிவப்பு இருக்கிறதா, இறங்கிவிட்டதா, அதை மட்டும்தான் பார்த்தார்கள்.

சுரண்டி டெஸ்ட் செய்தார்கள். காளான்தான். ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். மணிக்கு ஒரு தரம் மருந்து. ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, பாட்டில் இமையில் படாமல் நான்தான் ஊற்றினேன். அந்தக் கண்ணின் ஓரத்தில் வடிந்ததையும் நான்தான் துடைத்தேன். சோப்புக்காரிக்கு அன்றைக்கு ஒன்றும் குமட்டவில்லை.

கண் ஓட்டையாகாமல் தப்பியது. பார்வை தப்பவில்லை. புண் ஆறிய இடத்தில், கருவிழிக்கு நடுவில், வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. பின்னாளில் கருவிழி மாற்று ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். குட்டியானை கைமாறிப் போனது. வண்டியை வாங்கியவர் அதை எங்கள் வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் திணறினார். வல்லரசு கடைக்குள் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் பிறகு ஊரில் என்ன பேச்சு தெரியுமா? ஆஸ்பத்திரியில் சுரண்டியதால்தான் கண் போனதாம். "அப்பா எடுத்தப்போ நல்லாத்தான் இருந்துது. மருந்து ஊத்தினோம், சிவப்பும் போச்சு. இவ கூட்டிக்கினு போனா, அவங்க சுரண்டினாங்க, பூ விழுந்துடுச்சு" என்று மாமியார் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னார். மாமனார் மறுத்துப் பேசவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு மலையைப் பார்த்தார். மகனோடு சாப்பிட உட்காரும்போதும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். நாக்கால் துழாவுவதை விட எனக்கு இதுதான் அருவருப்பு. அதைவிட அருவருப்பு, வல்லரசு பேசாமல் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். "சொல்லுங்களேன், நடந்ததைச் சொல்லுங்களேன்" என்று நான் எத்தனை முறை கேட்டாலும், "அவரு என் அப்பாமா" என்பார். நானும் அந்த வீட்டில் எல்லாரையும் வெறுத்துப்போய், வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன்.

அடுத்த அறுவடை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்பென்னாத்தூர் முருகையன் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினார். வல்லரசு அவர் நெல்லை எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறார். இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்.

"இருசப்பண்ணே, உமி அடிச்சுடுச்சு. கொஞ்சம் பாருங்க."

நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முருகையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமனார் முருங்கை மரத்தடியில் துப்பிவிட்டு ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்க ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்ந்தார்கள். நான் ஈரத் துணியைப் போட்டுவிட்டுப் போவதற்குள், கடைக்குள்ளிருந்து வல்லரசு வெளியே வந்தார்.

"முருகையண்ணே, ஒரு நிமிஷம்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வலது கண் இமையை, அவர் அப்பா பிடிப்பது போலவே, இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு முருகையன் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"நல்லா பாருங்க. இதுவும் உமிதான். எங்கப்பா நாக்கால எடுத்தாரு. வலிக்குதுன்னு சொன்னேன், வீட்ல இருந்த மருந்தை ஊத்தினோம். ஆஸ்பத்திரில யாரும் இதைக் கெடுக்கல, அங்க போறதுக்கு முன்னாடியே கெட்டுடுச்சு. பாத்துட்டு அப்புறம் உங்க கண்ணைக் காட்டுங்க."

முருகையன் பார்த்தார். அவர் முகம் கோணியது. அந்தக் கோணல் எனக்கு நன்றாகத் தெரியும், வருஷக்கணக்காக நான் போட்ட முகம்தான் அது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் உள்ளே போய் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "கசக்காதீங்கண்ணே, ஏறுங்க, டவுனுக்குப் போயிடலாம்" என்றேன்.

வல்லரசு இமையிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்படியே அப்பா பக்கம் திரும்பி நின்றார். இத்தனை மாதங்களில் மாமனார் அந்தக் கண்ணை நேராகப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தார். கொப்பளித்த தண்ணீர் இன்னும் வாயிலேயே இருந்தது, கன்னம் உப்பியிருந்தது. முருங்கை மரம் பக்கத்திலேயே இருந்தும் அவர் துப்புவதற்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகன் கண்ணைப் பார்த்தபடியே அதை விழுங்கினார்.